நிற்குமா என்ற கேள்வி

கருத்தரங்குக்கு வந்திருந்த முப்பத்தெட்டுக் கட்டுரைகளில் முப்பதைப் படித்து முடித்திருந்த நாகஜோதி, அடுத்ததை எடுத்தவள் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவள் கணினி அறிவியல் பேராசிரியை. வயது நாற்பத்து மூன்று. தை மாதம் நடக்கப்போகும் கருத்தரங்குக்குக் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவளுடையது. தமிழிலும் எழுதலாம் என்று அறிவித்திருந்ததால் நாலைந்து தமிழ்க் கட்டுரைகள் வந்திருந்தன. அதில் ஒன்றுதான் இது. "புரோகிராம் நிற்குமா என்பது சரியான கேள்விதானா?" என்பது தலைப்பு. மற்ற கட்டுரைகளில் கல்லூரிப் பெயர் இருக்கும் இடத்தில் இதில் சிவகாசியில் உள்ள ஓர் அச்சகத்தின் முகவரி இருந்தது. எழுதியவர் பெயர் கா. காசிராஜன்.

அந்தப் பெயரை அவள் எழுத்தில் பார்த்துப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது.

கட்டுரையைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அன்றைக்குப் படிக்கவில்லை. மறுநாளும் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, பரீட்சைக்கு உட்காருகிறவளைப் போல உட்கார்ந்து படித்தாள்.

மதுரையில் இருவரும் ஒன்றாக ஆராய்ச்சி செய்தவர்கள். அவள் ஊர் மல்லாங்கிணறு. அப்பாவும் அண்ணன் சிவபாண்டியும் மானாவாரியில் பருத்தியும் கொத்தமல்லியும் போடுகிறவர்கள். அவன் சிவகாசி. மூன்று தலைமுறையாகக் காலண்டர் அடிக்கிற குடும்பம். சனிக்கிழமை மத்தியானம் ஒரே பஸ்ஸில் கிளம்புவார்கள். விருதுநகரில் இறங்கி அவள் டவுன் பஸ் பிடிப்பாள். அவன் சிவகாசிக்குப் போவான். அந்த ஒரு மணி நேரமும் பெரும்பாலும் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் சண்டை நடக்கும்.

விஷயம் இதுதான். ஒரு புரோகிராமை ஓடவிடுகிறோம். சில புரோகிராம்கள் வேலையை முடித்துவிட்டு நின்றுவிடும். சில, முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதா என்று முன்கூட்டியே சரியாகச் சொல்லிவிடுகிற ஒரு சோதனைப் புரோகிராமை எழுத முடியுமா? முடியாது என்று கிட்டத்தட்டத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே நிரூபித்துவிட்டார்கள். நிரூபணம் சின்னது. அப்படி ஒரு சோதனைப் புரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை உள்ளே வைத்துக்கொண்டு குதர்க்கமான ஒரு புரோகிராமை எழுதலாம். அது முதலில் சோதனையிடம் "நான் நிற்பேனா?" என்று கேட்கும். நிற்பாய் என்று பதில் வந்தால் நிற்காமல் சுற்றும். நிற்கமாட்டாய் என்று வந்தால் உடனே நின்றுவிடும். சோதனை எதைச் சொன்னாலும் தப்பாகிப்போகும். ஆகவே எப்போதும் சரியாகச் சொல்லும் சோதனை என்று ஒன்று இருக்க முடியாது.

காசிராஜன் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. நிரூபணத்தில் தப்பு இருக்கிறது என்றல்ல; கேள்வியே கேள்வியாக இல்லை என்பான். "நீ என்ன சொன்னாலும் அதுக்கு மாறாத்தான் செய்வேன், இப்ப நான் என்ன செய்வேன்னு சொல்லுன்னு ஒருத்தன் கேட்டா, அது கேள்வி இல்ல ஜோதி, வம்பு." கம்ப்யூட்டரால் முடியாத வேலை என்று அதைப் பெரிதாகப் பேசுவது, வட்டமான சதுரத்தை வரையமுடியாத பென்சிலைக் குறை சொல்வது போல என்பான். வம்புதான், ஆனால் கேள்வி நல்ல கேள்வி என்பாள் அவள். ஒவ்வொரு புரோகிராமும் ஒன்று நிற்கும், இல்லை நிற்காது. மூன்றாவதாக ஒன்று கிடையாது. பதில் இருக்கிற கேள்வி எப்படிக் கேள்வி இல்லாமல் போகும்? இதற்குள் விருதுநகர் வந்துவிடும்.

மூன்றாவது வருஷம் அவர்களுக்குள் வேறு பேச்சும் வந்தது. இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒருநாள் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில், நீ நிச்சயம் வந்துவிடுவாய் என்று தெரிந்தால் அப்பாவிடம் பேசிவிடுவேன் என்று அவன் சொன்னான். நீ பேசிவிட்டாய் என்று தெரிந்தால் நான் கிளம்பிவிடுவேன் என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு இருவருமே சிரித்துவிட்டார்கள். ஒன்றின் பதிலுக்காக மற்றொன்று காத்துக்கொண்டு நிற்கிற இரண்டு புரோகிராம்கள் என்ன ஆகும் என்று இருவருக்கும் பாடமாகத் தெரியும். சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

அந்த ஐப்பசியில், காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தபோது, அவனுடைய அப்பா ராஜபாண்டியனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரே மகன். பொங்கல் கழித்து வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கொஞ்ச நாள் போனில் பேசினார்கள். பிறகு அது குறைந்தது. பொங்கலும் போயிற்று. அவனுடைய ஆராய்ச்சிப் பதிவு காலாவதியானது. இரண்டு வருஷம் கழித்து அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகப் பழைய தோழி ஒருத்தி சொன்னாள். நாகஜோதி ஆராய்ச்சியை முடித்தாள், வேலைக்கு வந்தாள். சிவபாண்டி அண்ணன் கொண்டுவந்த சம்பந்தங்களில் ஒன்று பூ வைக்கிற வரைக்கும் போயிற்று. அவளே வேண்டாம் என்றுவிட்டாள். அதன் பிறகு அண்ணனும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

கட்டுரை பதினோரு பக்கம் இருந்தது. சுற்றிவளைக்காத அதே வாக்கியங்கள். படிக்கும்போது அவன் குரல் கேட்டது. ஆறு பக்கம் வரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏழாம் பக்கத்தில், சோதனைப் புரோகிராம் எந்தப் பதிலைச் சொன்னாலும் தப்பாகிறது என்பதைச் சுத்தமாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் "ஆகவே சரியான பதில் என்று ஒன்று இல்லை, ஆகவே இது கேள்வியே அல்ல" என்று போட்டிருந்தான். அன்றைக்கு பஸ்ஸில் எந்த இடத்தில் சறுக்கினானோ அதே இடம். மீதி நாலு பக்கமும் அந்த ஒரு வரியின் மேல் கட்டியது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷமும் லோடுக்கும் ஆர்டருக்கும் நடுவில் அவன் மனதுக்குள் அந்த பஸ் சண்டை நடந்துகொண்டே இருந்திருக்கிறது. அவளும் ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் அறுபது பெண்களுக்கும் சொல்வதுபோல அவனுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை அன்றைக்குத்தான் தனக்குள் ஒப்புக்கொண்டாள்.

கட்டுரையை மதிப்பிடுகிறவர் யார் என்று எழுதியவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. துறைத்தலைவி கற்பகவல்லியிடம் போய், இவரை எனக்குத் தெரியும், நான் மதிப்பிடுவது சரியில்லை என்றாள். கற்பகவல்லி கட்டுரையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உன்னைவிட்டால் இங்கே இதைப் படித்துப் புரிந்துகொள்ள ஆள் இல்லை என்றாள். சொன்னால் திருத்திக்கொள்ளக்கூடிய தப்பு என்றால், விதி கிடக்கட்டும், நேரில் போய்ச் சொல்லிவிட்டு வா; திருத்தி வந்ததை வெளியாள் ஒருவருக்கும் அனுப்பிக்கொள்ளலாம். இல்லையென்றால் மறுப்புக் கடிதம் அனுப்பிவிடலாம் என்றும் சொன்னாள்.

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த சனிக்கிழமை காலை அவள் சிவகாசி பஸ் ஏறினாள். திருத்தங்கல் தாண்டியதும் தீபாவளி லோடு ஏற்றிய லாரிகள் தார்ப்பாய் போட்டு வரிசையாக நின்றன. ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் மாதிரிகள் கொண்ட ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிட்டிருப்பார்கள். இனி மார்கழி வரை அச்சகங்களுக்கு ஓய்வு கிடையாது. அவனுக்கு நேரம் இருக்காது என்பதே ஒருவிதத்தில் அவளுக்குத் தைரியமாக இருந்தது.

அச்சகத்து முன்னறையில் ஒரு பெண் உட்கார்ந்து போனில் ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், கழுத்தோரம் நரைத்த முடி. நாகஜோதி கல்லூரிப் பெயரைச் சொல்லி, கட்டுரை விஷயமாக வந்திருப்பதாகச் சொன்னாள். அந்தப் பெண் போனை வைத்துவிட்டு அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"மல்லாங்கிணத்து ஜோதியா?"

நாகஜோதி ஆமாம் என்று தலையாட்டினாள்.

"உக்காருங்க. நான் பொன்னுத்தங்கம். அவரு பைண்டிங்குக்குப் போயிருக்காரு, அரை மணியில வந்துருவாரு. காப்பி குடிக்கீகளா?"

கல்யாணமான முதல் வருஷமே அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றாள் பொன்னுத்தங்கம். அதைச் சொல்வதில் அவளுக்குக் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. காப்பி வந்தது. கையில் எடுக்கும்போது தூரத்தில் எங்கேயோ பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. உள்ளே மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் தலையைத் திருப்பினார்கள். பொன்னுத்தங்கம் அதற்குள் போனை எடுத்திருந்தாள். அவளுக்குப் பிறந்த ஊர் தாயில்பட்டி. அண்ணன் அங்கே பட்டாசு யூனிட் வைத்திருக்கிறார். மூன்று தடவை அடித்த பிறகு அண்ணன் எடுத்தார். புது வெடி ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்களாம், வேறு ஒன்றும் இல்லை. அவள் போனை வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சத்தம் கேட்டா, போனை எடுத்து எங்கண்ணன் அலோங்கிற வரைக்கும் எனக்கு மூச்சு வராது. நல்லதோ கெட்டதோ, தெரிஞ்சுட்டாப் போதும். தெரியாம இருக்கதுதான் ஆகாது." பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "அந்தக் கட்டுரையை ரெண்டு வருசமா எழுதுதாரு. அதுக்கு முன்னாடி மனசுக்குள்ள எத்தன வருசமோ. சாப்பிட உக்காந்தாலும் அதே நெனப்பு. தப்புன்னா தப்புன்னு சொல்லிருங்க. நான் சொன்னா நிக்காது. நீங்க சொன்னா நிக்கும்."

நாகஜோதி சொல்கிறேன் என்றாள்.

காசிராஜன் வந்தான். முன்தலை முடி போய்விட்டிருந்தது, கண்ணாடி போட்டிருந்தான். சட்டைப் பையில் மசி. அவளைப் பார்த்து வாசலிலேயே நின்றான். பிறகு மனைவியின் முன்னால், "வாங்க, எப்ப வந்தீக?" என்றான். அந்த 'வாங்க' அவளுக்குச் சுருக்கென்றது. அவளும் "இப்பத்தான் வந்தேங்க" என்றாள்.

அவனுடைய அறை மிஷின்களுக்கு அடுத்து இருந்தது. கதவை மூடினாலும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பேசுவதற்குச் சற்று முன்னால் குனியவேண்டும். மேசை முழுக்கச் சரிபார்க்கவேண்டிய புரூஃப் தாள்கள். அவள் கட்டுரையை அவற்றின் மேல் வைத்தாள்.

"ஏழாம் பக்கம்," என்றாள்.

"நீ அங்கதான் வருவேன்னு தெரியும்," என்றான். நீ என்று சொல்லிவிட்டதை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. "யாருக்கு இந்தக் கட்டுரை போகும்னு தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

அவள் நேராக விஷயத்துக்குப் போனாள். சோதனை எதைச் சொன்னாலும் தப்பு என்பது வரைக்கும் சரி. அதனால் சரியான பதிலே இல்லை என்பது எங்கிருந்து வந்தது? எதைச் சொன்னாலும் தப்பென்றால் சரி என்று ஒன்று எங்கே இருக்கும் என்று அவன் கேட்டான். பழைய வேகம் குரலில் வந்திருந்தது. அவள் மேசையில் கிடந்த ஒரு கழிவுத் தாளை எடுத்துத் திருப்பிப்போட்டு, அதன் முதுகில் எழுதினாள்: 'இதற்குக் கீழே காசிராஜன் "இல்லை" என்று எழுதுவார்.' அதை அவனிடம் தள்ளி, பேனாவையும் கொடுத்தாள்.

"இது நடக்குமா? ஆமான்னோ இல்லன்னோ எழுது. உன் பதில் சரியா இருக்கணும்."

அவன் பேனாவைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். 'இல்லை' என்று எழுதினால், தாளில் சொன்னது நடந்துவிடும். ஆகவே அவன் பதில் தப்பு. 'ஆமாம்' என்று எழுதினால், தாளில் சொன்னது நடக்கவில்லை, அதுவும் தப்பு. சிரித்துக்கொண்டே 'ஆமாம்' என்று எழுதினான். "பாரு, நான் சொன்னதுதானே. வம்பு. இதுக்குச் சரியான பதிலே கிடையாது."

அவள் தன் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து அதில் 'இல்லை' என்று எழுதி அவன் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"காசிராஜன் 'இல்லை'ன்னு எழுதினாரா? எழுதல. என் பதில் சரி. கேள்வி அதே கேள்விதான். நான் சொன்னா சரியா வருது. உன்னால மட்டுந்தான் சொல்ல முடியல."

அவன் இரண்டு தாளையும் பார்த்தான். எதிர்வாதத்தைத் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தேடட்டும் என்று காத்திருந்தாள். நான் மனதை மாற்றிக்கொண்டு 'இல்லை' என்று எழுதியிருந்தால் உன் பதில் தப்பாகியிருக்குமே, அப்படியானால் பதில் என்னைப் பொறுத்துத்தானே இருக்கிறது என்றான்.

"நீ மனுசன். கடைசி நேரத்துல மாறலாம். எழுதி முடிச்ச புரோகிராமுக்கு மனசு கெடையாது. அந்தச் சோதனை என்ன சொல்லும்ங்கிறது அதை எழுதுன அன்னிக்கே முடிஞ்சுபோச்சு. நிக்கும்னு சொல்லுமா, அப்ப குதர்க்கம் புடிச்சது சுத்தும். நிக்காதுன்னு சொல்லுமா, அது நின்னுரும். ஒண்ணுமே சொல்லாம முழிக்குமா, அது பதிலுக்குக் காத்துக்கிட்டே கெடக்கும். எதுன்னாலும் ஒண்ணுதான் நடக்கும். பதில் இருக்கு ராஜன். அந்தச் சோதனையால அதைச் சொல்ல முடியல, அம்புட்டுதான்."

அவன் கண்ணாடியைக் கழற்றி வைத்தான். மிஷின் தாளை இழுத்து இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. கடைசியில், நீ பஸ்ஸிலும் இதையேதான் சொன்னாய், எனக்குக் காதில் ஏறவில்லை என்றான். தோற்றவன் குரலாக அது இல்லை. எதையோ கீழே இறக்கி வைத்தவன் குரலாக இருந்தது.

அவள் அவனை வெறுங்கையோடு விடவில்லை. ஆறு பக்கம் வரை நன்றாக இருக்கிறது என்றாள். கேள்வி வேறு, ஆர்டர் வேறு என்று ஓர் இடத்தில் சொல்லியிருக்கிறாயே, அது புத்தகங்களில் தெளிவாக இல்லாதது; அதைப் பிடித்துக்கொள் என்றாள். இந்தப் புரோகிராம் நிற்குமா என்பது கேள்வி. எல்லாப் புரோகிராமுக்கும் சரியாகச் சொல்லும் ஒரு சோதனையை எழுதிக்கொடு என்பது ஆர்டர். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் உண்டு. அந்த ஆர்டரைத்தான் யாராலும் அடித்துக் கொடுக்க முடியாது. ஆர்டர் முடியாதது என்பதால் கேள்வி கெட்டுப்போகாது. அவன் தலையாட்டிக்கொண்டு ஏழாம் பக்கத்தில் அந்த வரியைப் பேனாவால் அடித்தான்.

அதோடு எழுந்து வந்திருக்கலாம். பொன்னுத்தங்கத்துக்குச் சொன்ன வேலை முடிந்துவிட்டது. ஆனால் அவன் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணு கேக்கேன் ஜோதி. அன்னிக்கு நான் அப்பாகிட்ட பேசியிருந்தா, நீ வந்திருப்பியா?"

அவளிடம் பல பதில்கள் தயாராக இருந்தன. இப்போது எதற்கு அது, நடக்காததைப் பற்றி என்ன சொல்ல, அந்த வயதில் யாருக்குத் தெரியும். அவற்றில் எதையும் அவள் சொல்லவில்லை.

"வந்தேன்," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். அந்தத் தை மாதம், பொங்கல் கழிந்து ஒரு வாரம் ஆகியும் அவன் மதுரைக்கு வராதபோது, வீட்டில் மதுரைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டு சேலையையும் சர்டிபிகேட்டுகளையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு சிவகாசிக்கு பஸ் ஏறினாள். அவன் அப்பாவிடம் பேசினானா இல்லையா என்று தெரியாமலேதான் வந்தாள். யாராவது ஒருவர் முதலில் கிளம்பியாக வேண்டும் என்று தோன்றியது. வழி கேட்டுக்கேட்டு இந்தத் தெருவுக்கே வந்து எதிர்ச் சாரியில் ஒரு கடை ஓரமாக நின்றாள். அப்போது வேன் ஒன்று வந்து நின்றது. அவன் முதலில் இறங்கி, அப்பாவை இரண்டு கையாலும் அணைத்து இறக்கினான். அவருக்கு ஒரு கால் தரையில் இழுபட்டது. வாயோரம் வழிந்ததை அவன் தோளில் கிடந்த துண்டால் துடைத்தான். அவர் விளங்குகிற கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாசற்படி ஏறுகிற வரைக்கும், ஏறிய பிறகும் விடவில்லை. அவன் அந்தக் கையை விலக்கவும் இல்லை. நாகஜோதி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மதுரை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

"கூப்பிட்டிருக்கலாமே," என்றான்.

"கூப்பிட்டிருக்கலாம்."

அவன் மேசையைப் பார்த்தபடியே சொன்னான். "நீ வரலங்கிறதை வச்சுத்தான் நான் இங்கன உக்காந்தேன். அவ வரல, அதனால அது அம்புட்டுதான்னு. இந்தப் பதினேழு வருசமும் அதுமேலதான் நின்னேன்."

அதைக் கேட்டபோதுதான் தான் செய்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது. ஏழாம் பக்கத்து வரியை அடித்ததுபோல அவன் வாழ்க்கையில் ஒரு வரியையும் அடித்துவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமோ என்று நினைத்தாள். ஆனால் இத்தனை வருஷத்தில் வேறு யாரிடமும் சொல்லாத அந்த ஒரு வார்த்தையை அவனிடம் சொல்லத்தான் அவள் ஏங்கியிருந்தாள். சொன்னதற்காக வருத்தப்பட முடியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் தொடவில்லை. அவன் கண் கலங்கிக் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டான். அவள் துண்டுச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பொன்னுத்தங்கம் கதவைத் தட்டிச் சாப்பிடக் கூப்பிட்டாள். அச்சகத்துக்குப் பின்னாலேயே வீடு. கத்திரிக்காய்க் குழம்பும் அப்பளமும் வைத்திருந்தாள். தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் காசிராஜன் மனைவியிடம், தப்பாம் என்றான்.

"எம்புட்டு?"

"ஒரு வரி."

"ஒரு வரிதானா," என்று அவள் குழம்பை ஊற்றினாள். நாகஜோதிக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. காசிராஜனும் சிரித்தான். ஒரு நிமிஷம் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நாகஜோதி சாப்பாட்டில் கையை வைக்கும்போது, இந்த வீட்டில் இந்தப் பாத்திரங்களை எடுத்து வைப்பவள் தானாக இருந்திருக்கலாம் என்ற நினைப்பு வந்தது. இருந்தும் கேட்டு வாங்கி இரண்டாம் தடவையும் சாப்பிட்டாள்.

பஸ் ஸ்டாப் வரை பொன்னுத்தங்கம் கூட வந்தாள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். கொஞ்ச தூரம் நடந்ததும், அவர் அழுதமாதிரி இருந்தாரே, கட்டுரைக்காகவா என்று கேட்டாள்.

"கட்டுரைக்குந்தான்," என்றாள் நாகஜோதி. பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பொன்னுத்தங்கம் அந்த 'உம்'மைக் கேட்டுக்கொண்டாள். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "சரி," என்றாள். பஸ் வந்ததும், "நீங்க வந்தது நல்லது. என்னன்னு தெரிஞ்சுபோச்சு, எனக்கு அது போதும்," என்று சொல்லி, ஏறுவதற்குக் கையைப் பிடித்து உதவினாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பக்கத்து இருக்கை திருத்தங்கல் வரை காலியாகவே இருந்தது. இன்றைக்குப் பார்த்த முன்தலை வழுக்கையான மனிதனுக்காக அவள் ஏங்கவில்லை. அவன் பொன்னுத்தங்கத்தின் மனிதன், நல்லபடியாக இருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து, இறங்குவதற்கு இரண்டு ஸ்டாப் இருக்கும்போது 'அது கேள்வி இல்ல, வம்பு' என்று சொல்லி அவளை வாயடைக்கப் பார்ப்பவன் ஒருவன் இருந்தானே, அவனுக்காக ஏங்கினாள். இன்று அவனை வாதத்தில் ஜெயித்துவிட்டாள். அதனால் அந்தச் சண்டையும் முடிந்துவிட்டது. வருகிற வருஷம் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்தும்போது யாருக்குப் பதில் சொல்வது என்று யோசித்தாள்.

இருபது நாள் கழித்துத் திருத்திய கட்டுரை வந்தது. பதினோரு பக்கம் நாலரைப் பக்கமாகியிருந்தது. தலைப்பை "கேள்வியும் ஆர்டரும்" என்று மாற்றியிருந்தான். ஒரு இடத்தில்கூடச் சறுக்கல் இல்லை. கூடக் கடிதம் எதுவும் வைக்கவில்லை. கற்பகவல்லி அதை வேறொரு கல்லூரிப் பேராசிரியருக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டாள்; அவரும் சரி என்றார்.

தை மாதக் கடைசியில் கருத்தரங்கு நடந்தது. காலண்டர் சீசன் முடிந்திருந்தது. காசிராஜன் சலவைச் சட்டை போட்டு வந்து பதினைந்து நிமிஷம் பேசினான். பொன்னுத்தங்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, புரிந்ததோ இல்லையோ, கண்ணை எடுக்காமல் கேட்டாள். முடிந்ததும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒருவர், இது கேள்வியே இல்லை என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நானும் அப்படிச் சொன்னவன்தான் என்றான் காசிராஜன். கேள்விக்குள்ளேயே நின்றுகொண்டு பதிலைத் தேடினேன், பக்கத்தில் நிற்கிறவர்களிடம் கேட்கவில்லை என்றான். நாகஜோதி அப்போது மேடையோரம் அடுத்துப் பேசுகிறவரின் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

மத்தியானச் சாப்பாட்டின்போது மூவரும் சேர்ந்து நின்று நாலு வார்த்தை பேசினார்கள். பொன்னுத்தங்கத்தின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் கூடியிருப்பது, மல்லாங்கிணறு பக்கம் இந்த வருஷம் மழை பொய்த்தது. மூன்று மணிக்கு அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

பங்குனியில் கருத்தரங்குக் கட்டுரைகள் புத்தகமாக அச்சுக்குப் போயின. புரூஃப் தாள்கள் நாகஜோதியிடம் வந்தன. ஒவ்வொன்றையும் படித்துச் சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். காசிராஜன் கட்டுரையில் இரண்டு இடத்தில் ஒற்றுப் பிழை இருந்தது, திருத்தினாள். கடைசியில், மற்றவர்கள் போடுவதைப் போலவே, அவனும் இரண்டு வரியில் நன்றி போட்டிருந்தான். இதை முடிக்கச் சொல்லிக்கொண்டே இருந்த என் மனைவி பொன்னுத்தங்கத்துக்கு நன்றி என்று முதல் வரி. முதல் பிரதியின் ஏழாம் பக்கத்தில் இருந்த பிழையைக் காட்டிய, பெயர் அறியாத மதிப்பீட்டாளருக்கு நன்றி என்று இரண்டாவது வரி.

விதிப்படி அப்படித்தான் எழுதவேண்டும். அவள் அந்த இரண்டு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தாள். பிழை ஒன்றும் இல்லை. பெயர் அறியாத என்ற இடத்தில் மட்டும் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தாளின் ஓரத்தில் 'சரி' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டாள். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு போனாள்.